நாற்பத்தொன்றாம் இதழ்

இருபத்தைந்து வருடமாகப் பல் செட் செய்கிறவளுக்கு வரிசையில் ஓர் ஓட்டை தெரிந்தாலே கண் உறுத்தும். அவள் வீட்டுக் கூடத்து அலமாரியில், கைக்கடிகாரங்களை ஏலம் விடும் நிறுவனம் ஒன்றின் கேட்டலாக்குகள் ஒன்று முதல் எண்பத்தைந்து வரை நின்றன. நாற்பத்தொன்று மட்டும் இல்லை. அந்த இடத்தில் அதே கனத்துக்கு ஓர் அட்டையை வெட்டிச் செருகியிருந்தாள்.

"அதை எடுத்துத் தொலையேன். பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்பார் கணவர்.

"பல்லு கட்டுறவகிட்டயே சொல்றீங்களா?" என்பாள் அவள்.

அவள் கையில் கடிகாரமே கட்டுவதில்லை. வாங்குவதாகவும் எண்ணமில்லை. "பசிக்கிறவ சாப்பாட்டுப் படம் பாக்குற மாதிரி எதுக்குடி இது?" என்று அக்கா கேலி செய்வாள். அவளை இழுத்தது படம் மட்டுமில்லை, படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பு. 'முகப்பு லேசாகப் பழுத்துள்ளது. கண்ணாடி மாற்றப்பட்டது. பின்மூடியில் கீறல்.' ஒரு வீட்டின் விலைக்குப் போகும் பொருளின் குறையை ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். "மாப்பிள்ளையைப் பத்தி இப்படி யாராவது எழுதிக் குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கேட்டலாக்குகள் கணவரின் அலுவலக முகவரிக்குத்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே கொண்டுவந்து கொடுப்பார். நாற்பத்தொன்று தபாலில் தொலைந்துவிட்டது என்றார். பதினொரு வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளைப் போலவே கேட்டலாக் சேர்க்கும் ஒரு கண் டாக்டர் போன வாரம் கூப்பிட்டார். "பல்லம்மா, உங்க ஓட்டைப் பல்லுக்கு ஒண்ணு அகப்பட்டுச்சு. எங்கிட்ட ரெண்டு இருக்கு. அனுப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்சல் வந்தது. காப்பியைக்கூட ஆறவிட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். வரிசை எண் நூற்றுப் பன்னிரண்டில் கை நின்றது.

தங்கக் கடிகாரம். பக்கத்தில் அதன் பின்மூடியின் படம். கப்பல் கம்பெனி தன் தலைமைப் பொறியாளருக்கு முப்பது வருடச் சேவைக்காக வழங்கியது என்று பொறித்திருந்தது. எழுத்துகளுக்குக் கீழே தூண்டில் முள் போல வளைந்த ஒரு கீறல்.

அந்தக் கீறல் அவளுக்குத் தெரியும். கொழுந்தன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது காம்பஸ் முள்ளால் கிழித்தது. அதற்கு அவன் வாங்கிய அடியை மாமனார் எத்தனையோ முறை கதையாகச் சொல்லியிருக்கிறார். இது மாமனாரின் கடிகாரம். கொழுந்தன் திருடிவிட்டான் என்று சொல்லி அவனை வீட்டை விட்டுத் துரத்திய அதே கடிகாரம்.

சரி, திருடியவன் விற்றிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு புத்தகத்தின் முன் அட்டையைத் திருப்பினாள். ஏல நாள் பிப்ரவரி பதினெட்டு. வருடத்தைப் பார்த்தாள். விரலை வைத்து மறுபடி பார்த்தாள்.

கொழுந்தன் விடுமுறைக்கு வந்தது அந்த வருடம் மே மாதம். அதற்கு முன் ஒன்றரை வருடம் அவன் வெளிநாட்டில் இருந்தான்.

அந்த மே மாதத்தில் ஒருநாள் மாமனார் கடிகாரப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார், கணவர் எடுத்து வந்தார், திறந்தால் காலி. "இவன் வந்த பிறகுதான் காணோம்" என்றார் கணவர். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "காலைல மாமா ரூம்லேர்ந்து தம்பி வெளிய வர்றதைப் பாத்தேன்" என்றாள். பார்த்தது உண்மை. அந்த ஒரு வாக்கியத்தோடு அவன் கதை முடிந்தது. சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு போனவன் வாசலில் திரும்பி, "நீங்களுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டான்.

கத்தரிக்கோல் தேடிக்கொண்டு வந்த கணவர் மேஜையைப் பார்த்ததும் நின்றார். புத்தகம் மூடித்தான் இருந்தது. முதுகில் நாற்பத்தொன்று என்ற எண் மட்டும் தெரிந்தது.

"தபால்ல தொலைஞ்சுதுன்னுதானே சொன்னேன்" என்றார்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நெருக்கடி. எங்க விக்கிறதுன்னு தெரியல. உன் அலமாரியைப் பாத்துத்தான்... திருப்பி வாங்கி வச்சிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அப்பா பெட்டியைக் கேட்டுட்டாரு."

எங்கே விற்பது என்பதை அவளுடைய புத்தகங்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாமனாரின் அறைக்குப் போனாள்.

மாமனாருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. கட்டிலில் சாய்ந்தபடி பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அவள் தேதியைச் சுட்டிக்காட்டினாள். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"மார்ச்லயே பெட்டியைத் திறந்து பாத்தேன். காலி." பூதக்கண்ணாடியைப் போர்வை மேல் வைத்தார். "பசங்க ரெண்டு பேரும் இருக்கும்போது கேட்டா, எடுத்தவன் தானா சொல்லுவான்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"பெரியவன் வீட்டுலதானேம்மா எனக்குச் சோறு."

"தம்பி அன்னைக்கு உங்க ரூமுக்கு எதுக்கு வந்தாரு?"

"என் நகத்தை வெட்டிவிட." அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நீ பாத்தேன்னு சொன்னே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். கூடத்தில் கணவர், "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று ஆரம்பித்தார். அவள் அவரைத் தாண்டி மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தாள்.

கொழுந்தன் வேறு ஊரில் லிப்ட் பழுது பார்க்கிறான். அவன் எண்ணை அக்கா எப்போதோ வாங்கிக் கொடுத்திருந்தாள். இவள் அதை 'லிப்ட்' என்று பெயரிட்டுப் போனில் வைத்திருந்தாள், ஒருநாளும் அழைத்ததில்லை. இப்போது அழைத்தாள்.

"சொல்லுங்க, எந்த பில்டிங்?"

"அண்ணி பேசறேன்."

மறுமுனையில் இரும்பு உரசும் சத்தம் நின்றது. அவன் போனை வைக்கவில்லை. தயார் செய்துகொண்டு வந்த மன்னிப்பு எதுவும் அவளுக்கு வாயில் வரவில்லை. மடியில் இருந்த புத்தகத்தைப் பிரித்து, அதில் இருந்ததையே படித்தாள்.

"வரிசை எண் நூத்திப் பன்னெண்டு. தங்கக் கைக்கடிகாரம். நல்லா ஓடுது. பின்மூடியில எழுத்துக்குக் கீழ வளைஞ்ச கீறல் ஒண்ணு."

அவன் குறுக்கிட்டான்.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"பிப்ரவரி பதினெட்டு." வருடத்தையும் சொன்னாள். "வித்தது உங்க அண்ணன். நான் பாத்ததை மட்டும் சொல்லி உங்களை மாட்டிவிட்டேன். எதுக்குப் போனீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கல."

அவன் யாரையோ பக்கத்தில் வரச் சொல்வது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினான்.

"அந்தத் தேதியை இன்னொரு தடவ படிங்க அண்ணி. ஸ்பீக்கர்ல போடறேன். என் பொண்டாட்டி கேக்கட்டும்."