புல்லில் கிடந்த பின்னிருக்கை

எங்கள் ஊர்ப் பந்தயத் திடலில் நானூறு மீட்டர் நேர்ப்பாதையை ஓடி முடிக்கும் கார்களுக்கு, நேரம் அச்சிட்ட காகிதத்தைக் கிழித்துக் கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. மனிதனின் அற்பத்தனத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து கொடுக்கிறேன் என்றும் சொல்லலாம்.

பிரெட்டிடம் ஃபோர்டு. அவன் பக்கத்து வீட்டு ஷேனிடம் ஹோல்டன். இரண்டும் குடும்பத்தோடு போவதற்கென்று நான்கு கதவு வைத்த கார்கள். காலையில் ஷேனிடம் தோற்ற பிரெட், எடையைக் குறைக்கப் பின்னிருக்கையையும் குழந்தை இருக்கையையும் கழற்றிப் புல்லில் போட்டான். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் அந்தப் பின்னிருக்கைமேல் அவன் மனைவி டானா இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் பிரெட் ஜெயித்தான். வித்தியாசம் நொடியில் நூறில் இரண்டு பங்கு. கண் இமைக்கவே அதைவிட அதிக நேரமாகும்.

"பாத்தியாடா, எது வண்டின்னு?" என்று காகிதத்தை ஷேனின் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"பொண்டாட்டி பிள்ளைய வெயில்ல போட்டுட்டு ஓட்டுறதெல்லாம் ஒரு பொழப்பாடா?" என்றான் ஷேன்.

ஒருவனுக்காவது புத்தி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"சரி, அந்த ஸ்பேனரை இப்படிக் குடு" என்றான் ஷேன் அடுத்த மூச்சிலேயே.

அவன் காரின் பின்கதவு திறந்தது. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி கார்லி இறங்கி வந்தாள். டானா பிள்ளையை மடியில் தூக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு கார்லி. நாம இறங்கினாத்தான் இவனுங்க வண்டி ஓடும்."