பனியன்கள் ஓடிய காம்பவுண்டு

இரவு பதினொன்று பத்துக்கு நான்கு வயதுப் பூங்குழலி அலறினாள். அடுத்த நொடி பன்னிரண்டு வாடகை ரூம் கொண்ட காம்பவுண்டின் கொடிகளில் காய்ந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டு பனியன்களும் கீழே குதித்து ஓடின. உள்ளே ஆள் யாரும் இல்லை; ஆனால் ஆள் போட்டிருந்தால் எப்படி உப்பியிருக்குமோ அப்படி உப்பியிருந்தன. கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் நின்று லாரிக்கு வழிவிட்டு, பெருமாநல்லூரிலிருந்து அவிநாசிப் பக்கமாகப் போயின. காலையில் ஆளுக்கொரு பைக்கில் போய்ப் பிடித்துவந்தார்கள். தினமும் இதே கதை; ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. பால் வாங்கப் போகிறவர்கள் வரும் வழியில் பக்கத்து ரூம்காரரின் பனியனையும் சேர்த்து எடுத்துவந்தார்கள்.

பூங்குழலிக்கு இது எதுவும் தெரியாது. கண் திறந்திருக்கும், அம்மாவை அடையாளம் தெரியாது, பத்து நிமிடம் அலறிவிட்டுப் படுத்துக்கொள்வாள். காலையில் இட்லி கேட்பாள். பக்கத்து ரூம் மயிலாள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அப்பா முகிலன், பக்கத்துப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பனியன்களின் ஓரத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டான். அவை கல்லையும் தூக்கிக்கொண்டு போயின. அம்மா சித்ரகலா அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். துணியில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் தொழில். அதே பழக்கத்தில், அலறும் குழந்தையை உலுக்கி எழுப்பி, டார்ச் அடித்து, பயம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். குழந்தை சுவரைக் காட்டியது, பிறகு தன் வயிற்றை, பிறகு அப்பாவை. மூன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினாள். முகிலன் நெற்றியில் அம்போடு வேலைக்குப் போனதுதான் மிச்சம். மறுநாள் அலறல் இருபது நிமிடம் நீடித்தது.

காம்பவுண்டும் அதை ஒட்டிய கம்பெனியும் சாமியப்பனுக்குச் சொந்தம். ஒருநாள் இரவு அலறலுக்கு, கம்பெனியில் பேக் செய்து வைத்திருந்த நாலாயிரத்து இருநூறு குழந்தைச் சட்டைகள் அட்டைப்பெட்டியின் டேப்பைப் பிரித்துக்கொண்டு வெளியேறின. இரண்டு வேன் வைத்துப் பிடிக்க மூன்று நாள் ஆனது. பதினொன்று கடைசிவரை கிடைக்கவில்லை.

சாமியப்பன் கோபப்படவில்லை. "பாப்பா மேல எனக்கு வருத்தமில்ல முகிலா. வாற மாசம் மொத செவ்வாக்கெழம அடுத்த லோடு போகோணும். அதுக்குள்ள நிக்கலீன்னா ரூம காலி பண்ணிக்கோ கண்ணு" என்றார். வேறு எங்கும் ரூம் கிடைக்காது. கேட்கப் போன இடங்களுக்கெல்லாம் இவர்களுக்கு முன்னாலேயே பனியன்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

குழந்தையைக் கூட்டிப்போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் கீர்த்தனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்று மட்டும் விசாரித்தாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இருவரும் ஒன்றரை ஷிப்ட். ஒன்பது மணிக்கு வந்து, சமைத்து, மூவருமாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசையில் குழந்தையை அதுவரை தூங்கவிடாமல் வைத்திருக்கச் சொல்லி மயிலாளிடம் விட்டிருந்தார்கள். மயிலாளும் கண் சொருகும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாள். எட்டு மணிக்கே தூங்க வையுங்கள், அலறினால் உலுக்காதீர்கள், ஒன்றும் கேட்காதீர்கள், குழந்தை எதிலும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், வழக்கமாக அலறும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் தினமும் மெதுவாக எழுப்பி மறுபடி படுக்க வையுங்கள் என்றாள் நர்ஸ்.

மயிலாள் எட்டுக்கே தூங்க வைத்ததும் அலறல் ஒன்பதே முக்காலுக்கு நகர்ந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களின் உடம்பில் கிடந்த பனியன்கள் கழற்றும் முன்பே ஓடப் பார்த்ததால், அன்று சிலர் கேட்வரை கூடவே போக வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து சித்ரகலா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும், ஒன்பதரைக்கு, பூங்குழலியின் முதுகைத் தடவுவாள். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து, "அம்மா வந்துட்டியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கும். கஷ்டம் காம்பவுண்டுக்குத்தான். பன்னிரண்டு ரூம்காரர்களும் ஆளுக்கு நாலு யோசனையை வாயில் வைத்துக்கொண்டு, லைட் போடாமல், மூச்சுவிடாமல் நின்றார்கள். மயிலாள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் கைக்குட்டைகள் மட்டும் கேட்வரை போய்த் திரும்பின. பத்தாம் நாள் பனியன்கள் கொடியிலேயே உப்பி, கொஞ்சம் யோசித்து, வற்றின. அதன் பிறகு காற்றடித்தால் மட்டுமே அசைந்தன. செவ்வாய்க்கிழமை லோடு ஒரு சட்டை குறையாமல் கிளம்பியது. ரூமைப் பற்றி யாரும் பேசவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சாமியப்பனின் மனைவி சாரதாமணி செக்கிங் டேபிளுக்கு வந்தார். மற்றவர்கள் சாப்பிட எழுந்து போகும்வரை ஒரு பனியனை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். பிறகு சித்ரகலாவின் காதோரம் குனிந்தார்.

"பாப்பாவ எப்படி எழுப்புனீங்கன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க கண்ணு. எங்க ஊட்டுக்காரருக்கு அறுவத்தொண்ணு ஆச்சுங்க, நானு இன்னும் தெனமும் வெடியால காங்கேயம் ரோட்டுல போயித்தான் அவரு வேட்டி சட்டையப் புடிச்சுட்டு வாறேன்."