ஐவா டாக்கெட் வீட்டுக்குக் கொண்டுவந்த நிமிடங்கள்

வாஷிங்டனிலிருந்து வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊர் திரும்பும்போதெல்லாம் ஐவா டாக்கெட் தன் துணிப்பையில் மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ கொண்டுவருவார். அப்போது டோர்சி மாவட்டத்தில் ஒரு டஜன் முட்டை ஐம்பத்தைந்து சென்ட். நிமிடத்துக்கு விலை கிடையாது, இருமலின் கடுமையைப் பார்த்து ஐவாவே கொடுப்பார். ஆப்பிள் ஜாம் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடியில், ஜாடிக்கு ஒரு நிமிடமாக மூடி இறுக்கியிருக்கும். பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. கையில் எடுத்தால் அப்போதுதான் இட்ட முட்டையின் சூடு. நிலக்கரித் தூசி நெஞ்சை அடைத்துப்போன சுரங்கக்காரர் அதைத் திறந்து மூக்கருகே பிடித்தால், சரியாக அறுபது விநாடி, பத்தொன்பது வயதில் விட்ட மூச்சை விடுவார். அறுபத்தோராவது விநாடி பழைய நெஞ்சு திரும்பி வந்துவிடும்.

ஐவா 1909-ல் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டவர். கணவர் டெல்மர் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம். நாற்பத்தைந்து வயதில் வாசல்படி ஏற மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. கம்பெனி டாக்டர் ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தார். அந்த மலை முழுக்க ஆண்களுக்கெல்லாம் ஒரே ஆஸ்துமா. அதே காற்றைச் சுவாசித்த பெண்களுக்கும் கோழிகளுக்கும் மட்டும் எப்படியோ வரவில்லை. இதைக் கேட்க ஆளில்லை என்றுதான் ஐவா 1951-ல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார், ஜெயித்தார். அவருடைய சொந்த வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்று நான்கு ஓட்டு விழுந்தது. தொண்ணூற்று மூன்று அவருக்கு. அந்த மீதி ஒன்று அவருக்குக் கடைசிவரை செரிக்கவில்லை.

"ஜெயிச்சாச்சுல்ல ஐவா அத்தை, விட்டுத் தள்ளுங்க," என்றார்கள் ஊரில்.

"என் கையால பீன்ஸ் தின்னுட்டு எவனோ எனக்கு எதிரா குத்தியிருக்கான். அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்காம விடமாட்டேன்."

பாதிரியாரைச் சந்தேகித்தார், தபால்காரரைச் சந்தேகித்தார், கடைசியில் டெல்மரின் தம்பிதான் என்று முடிவுகட்டி அவரோடு பதினோரு வருடம் பேசவில்லை. டெல்மரிடம் கேட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

மாநிலச் சட்டமன்றத்தில் ஏழு வருடம் இருந்தார். சுரங்கத்தில் இவ்வளவுக்கு மேல் தூசி பறக்கக்கூடாது என்ற மசோதாவை நான்கு முறை கொண்டுபோனார், நான்கு முறையும் குழுவிலேயே புதைத்தார்கள். கூட்டத்தொடர் கடைசி நாள் நண்பகல் பன்னிரண்டுக்கு முடிந்தாக வேண்டும் என்பது விதி. முதல் வருடம் பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஒரு காவலர் ஏணி போட்டு ஏறி, சுவர்க்கடிகாரத்தின் மேல் தன் கோட்டை மாட்டுவதை ஐவா பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர் விளக்கினார்: "கம்பெனி மசோதா இன்னும் ரெண்டு பாக்கிம்மா. கடிகாரம் பன்னெண்டு காட்டலன்னா பன்னெண்டு ஆகல." வெளியே கொடிக்கம்பத்தின் நிழலும் அப்படியே நின்றது. நான்கு மணி நேரம் சாப்பாட்டு அறையில் சூப் ஆறவில்லை. இரண்டு மசோதாவும் நிறைவேறியபின் காவலர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார், சூரியன் நகர்ந்தது. தூசி மசோதாவுக்கு மட்டும் நேரமில்லை என்றார்கள். ஐவா அன்று மதியம் டெல்மருக்கு டெலிபோன் செய்தார். "இங்க நேரத்துக்குப் பஞ்சமே இல்ல. அவனுங்க கோட்டுக்கு அடியில கெடக்கு," என்றார்.

1958-ல் வாஷிங்டன் கீழவைக்குப் போனார். அங்கே நினைத்தபோது எழுந்து பேசிவிட முடியாது. ஒரு மசோதாவுக்கு ஒதுக்கிய நேரம் மொத்தமும் மூத்த உறுப்பினர் கையில் இருக்கும். அவர் தயவு வைத்து, கனம் அம்மையாருக்கு இரண்டு நிமிடம் விட்டுக்கொடுக்கிறேன் என்றால்தான் வாய் திறக்கலாம். பேசி முடித்ததும், மீதி நேரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி உட்கார வேண்டும். முதல் பேச்சில் ஐவா ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் உட்கார்ந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் மீந்ததை யாரும் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை, மீந்தது வீட்டுக்குப் போகும். பஸ்ஸில் கைக்குட்டைக்காகப் பையைத் துழாவியபோது சூடாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்து ஜாடியில் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமை டெல்மருக்கு மூச்சு முட்டி உதடு நீலமானபோது, கையில் வேறொன்றும் இல்லாததால் அதைத் திறந்து அவர் முகத்தில் பிடித்தார். டெல்மர் எழுந்தார், ஐவாவை இடுப்பில் பிடித்துத் தூக்கி அடுப்பைச் சுற்றி மூன்று சுற்று ஆடினார், பிறகு நாற்காலியில் விழுந்தார்.

"என்னடி இது?"

"பாராளுமன்றத்துல மீந்தது."

"இன்னும் இருக்கா?"

அதற்குப் பிறகு ஐவா எல்லா மசோதாவுக்கும் நேரம் கேட்டார். பருத்தி, கலங்கரை விளக்கம், கனடா எல்லையில் மீன்பிடிப்பு, எதுவானாலும் முந்தின நாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, ஒரு நிமிடம் உருப்படியாகப் பேசி, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டார். உறுப்பினர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். விட்லோ என்ற குழுத் தலைவர், கம்பெனிக்காரர்களோடு வேட்டைக்குப் போகிறவர், மைக் திறந்திருப்பது தெரியாமல் ஒருமுறை சொன்னார்: "அந்தச் சமையக்காரம்மாவுக்கு ரெண்டு நிமிஷம் குடுங்கய்யா, பாவம், கொஞ்ச நேரம் நின்னு பாக்கட்டும்." ஐவா நன்றி சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

ஒன்பது வருடம் இப்படி நடந்தது. ஒருவர் தன் நிமிடத்தில் ஒரு பீச் பழத்தை நடுவில் நிறுத்தாமல் தின்றார். ஒருவர் தேவாலயத்தில் இரண்டு சரணம் பாடினார். ஒருவர் மைத்துனனை ஐம்பத்தைந்து விநாடி திட்டி, ஐந்து விநாடி சிரித்தார். கம்பெனி வக்கீல் இது அரசாங்கச் சொத்து என்று புகார் கொடுத்தார். ஷெரிஃப் வந்து ஒரு ஜாடியைக் கையில் எடுத்து, சூட்டைப் பார்த்து, காலி என்று எழுதிவிட்டுப் போனார். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். நெஞ்சு அடைத்த ஆள் இருந்த நாற்பது வீட்டிலும் ஒரு ஜாடியை மட்டும் தொடாமல் வைத்திருந்தார்கள். அது கடைசிக்கு. சாகும்போதாவது முட்டாமல் சாக. டெல்மரின் ஜாடிக்கு ஐவாவே மூடிமேல் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அந்த நிமிடத்தில் ஐவாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இருமல் குறுக்கே வரக்கூடாது என்று டெல்மர் எல்லாரிடமும் சொல்வார். என்ன விஷயம் என்று சொல்லமாட்டார்.

1967-ல் தூசி மசோதா ஒருவழியாக அவைக்கு வந்தது. நேரம் விட்லோவின் கையில். டோர்சி மாவட்டத்தில் ஆஸ்துமா என்று புதைக்கப்பட்ட அறுநூறு பேரின் பெயரையும் அவையில் வாசித்தால், முடிவெடுக்காத முப்பது உறுப்பினர்கள் அதற்குப் பிறகு ஆஸ்துமா என்று வாயைத் திறக்க முடியாது. ஐவா கேட்டது அது ஒன்றுதான். நிமிடத்துக்குப் பதினைந்து பெயர் என்று சமையலறைக் கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்திருந்தார். விட்லோ கொடுத்தது ஒரு நிமிடம்.

"எத்தன வேணும்?" என்றார் டெல்மர் டெலிபோனில்.

"நாப்பது. ஒண்ணுதான் குடுத்திருக்கான்."

இழுப்புக்கு நடுவில் டெல்மர் சொன்னார்: "வியாழக்கெழம வந்துரும். நீ பேர நல்லா பாத்து வெச்சுக்க."

டெல்மர் வீடு வீடாகப் போய்க் கேட்டார், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. கடைசி மூச்சுக்கென்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் கொடுத்தார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். ஹோபர்ட் பிளெவின்ஸ் கொடுக்கவில்லை. சுரங்கத்தை விட்டுவிட்டுச் சவ வண்டி ஓட்டுகிறவர், எங்கள் ஊரில் ஆம்புலன்சும் அதுதான். இரண்டு வருடமாக அவருக்கும் இழுப்பு ஆரம்பித்திருந்தது. ஜாடி உடைந்துபோச்சு என்றார். டெல்மர் மூட்டையில் எண்ணிப் பார்த்தார், முப்பத்தெட்டு. ஒன்று குறைந்தது. சிவப்புத் துணி கட்டிய தன் ஜாடியை மேலாக வைத்து மூட்டையைக் கட்டினார். பதினோரு மணி நேரப் பயணம், சவ வண்டியில், பின்னால் படுத்தபடி. ஓட்டியது ஹோபர்ட். உடையாத ஜாடி அவருடைய இருக்கைக்கு அடியில் இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஐவா எழுந்தார். மேசைமேல் முப்பத்தொன்பது ஜாடி. தனக்குக் கொடுத்த ஒரு நிமிடம் தீர ஒரு விநாடி இருக்கும்போது முதல் மூடியைத் திருகினார். முள் அங்கேயே நின்றது. அவர் வாசித்துக்கொண்டே போனார், பெயர், வயது, பெயர், வயது. விட்லோ எழுந்து, அம்மையாரின் நேரம் முடிந்துவிட்டது என்றார். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரு விநாடி இருக்கிறது என்றார். விட்லோ மூன்று முறை எழுந்தார், மூன்று முறையும் அதே ஒரு விநாடி இருந்தது. கடிகாரம் காட்டுவதுதான் நேரம் என்ற விதியை எழுதியதே விட்லோவின் குழு, அதனால் அவர் உட்கார வேண்டியதாயிற்று. முப்பத்தெட்டு ஜாடி தீர்ந்தது. கடைசிப் பக்கத்தில் பதினைந்து பெயர் மிச்சம். மேசையில் சிவப்புத் துணி கட்டிய ஜாடி மட்டும் இருந்தது. தன் கையால் கட்டிய முடிச்சு ஐவாவுக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்வையாளர் மாடத்தைப் பார்த்தார். டெல்மர் இரண்டு கையையும் தூக்கி, மூடி திருகுவதுபோல் காட்டினார். ஐவா தலையாட்டி மறுத்தார். டெல்மர் மறுபடி திருகிக் காட்டினார், இந்த முறை கோபமாக.

ஐவா முடிச்சை அவிழ்த்தார். பதினைந்து பெயரையும் குரல் உடையாமல் வாசித்தார்.

மசோதா ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஐவா படியேறி மாடத்துக்குப் போவதற்குள் டெல்மர் இருக்கையிலேயே மூச்சு முட்டிச் செத்திருந்தார், தொப்பி முழங்காலில் இருந்தது. போன வண்டியிலேயே திரும்பி வந்தார். ஹோபர்ட் பதினோரு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார், துக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. கீழவைக் கடிகாரம் அன்றிலிருந்து முப்பத்தொன்பது நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. புதுக் கடிகாரம் மாட்டினார்கள், அதுவும் அப்படியே ஓடியது. மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

ஐவா மேலும் பதினொரு வருடம் உறுப்பினராக இருந்தார். மலைக்கு ஆஸ்பத்திரி வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை. சட்டத்துக்குப் பிறகு சுரங்கத்தில் இறங்கியவர்கள் படியில் நிற்காமல் ஏறினார்கள். ஜாடிகளில் மறுபடி ஆப்பிள் ஜாம் போட்டார்கள்.

1990-ல், அக்டோபர் மாத மதியம் ஒன்றில், எண்பத்தோரு வயதில் ஐவா முன்னறைக் கட்டிலில் கிடந்தபோது ஹோபர்ட் பிளெவின்ஸ் வந்தார். கோணிக்குள்ளிருந்து ஜாடியை எடுத்து ஐவாவின் கையருகே வைத்தார்.

"அத்தை, இது அன்னிக்கே உங்க மேசைக்கு வந்திருக்கணும். ஒடயல. பயந்துட்டேன். இப்ப உங்களுக்கு வெச்சுக்குங்க, கடைசிக்கு."

ஐவா தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க ஹோபர்ட்டுக்குத் தைரியமில்லை.

"இருபத்து மூணு வருஷமாடா? இதுல ஊறுகாயா போட்ட?"

ஐவா தலையணையில் நிமிர்ந்து, அவைக்குரிய குரலில் சொன்னார்: "இந்த ஒரு நிமிடத்தை டோர்சி மாவட்டத்தின் கனம் ஹோபர்ட் பிளெவின்ஸுக்கு விட்டுக்கொடுக்கிறேன்." பிறகு வீட்டுக் குரலில், "எந்திரிச்சு நின்னு பேசு. டெல்மர் என்கிட்ட என்ன சொல்ல இருந்தாரு? போற வழியில உன்கிட்ட சொல்லாமயா இருந்திருப்பாரு?"

ஹோபர்ட் மூடியைத் திருகினார். இருபத்தைந்து வருட இழுப்பு நின்றது.

"அந்த ஒரு ஓட்டு டெல்மர் மாமா போட்டது, அத்தை. நீங்க ஜெயிச்சா ஊரவிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டாராம். நல்ல மூச்சுல ஒரு தடவ முழுசா மன்னிப்புக் கேக்கணும்னாரு. அதுக்கப்புறம் வந்த அத்தன தேர்தல்லயும் உங்களுக்குத்தான் குத்தினாராம், அதையும் சொல்லணும்னு..."

"அந்தக் கழுதையா!" என்றார் ஐவா. "அவரு தம்பிகிட்ட பதினோரு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசலடா நான்!" கட்டில் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஜாடியில் ஏழு விநாடி மிச்சம் இருந்தது. ஹோபர்ட் அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மூடு," என்றார் ஐவா. "மீந்தது வீட்டுக்குப் போகும்."

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் ஐவா டாக்கெட் இறந்தார், இருமல் இல்லாமல். அந்த ஏழு விநாடி ஹோபர்ட் வீட்டுச் சமையலறையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி இறுக்கி இருக்கிறது. குளிர்காலத்தில் அவருடைய மகள் அதில் கையைச் சூடுபடுத்திக்கொள்கிறாள்.