ஏலிக்குட்டிச் சேச்சியின் மூலநிரல்

கட்டிப் போட்டிருந்த படகு மெல்ல ஆடியது. மேல்தட்டில் உட்கார்ந்து, டெஸ்ஸி மடிக்கணினியில் நிரலைக் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான பிறகு அவளும் ஜோமியும் சேர்ந்து எழுதி விற்கும் முதல் மென்பொருள் அது. ஏலிக்குட்டிச் சேச்சியின் சுற்றுலாப் படகுகளுக்கு அறை முன்பதிவு. இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து. நாள்காட்டிப் பகுதிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

"இச்சாயா, இதோட தலையில ஒரு பேரும் சில வரியும் இருந்துச்சே, எங்க?" என்று பக்கத்திலிருந்த கணவனைக் கேட்டாள்.

"அதுவா? அசிங்கமா இருந்துச்சு. துடைச்சுட்டேன்."

ஜோமிக்குச் சுத்தம் என்றால் உயிர். சமையலறை டப்பாக்களில் ஒட்டியிருந்த காகிதங்களைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டான். உப்பா சர்க்கரையா என்று தினமும் நக்கிப் பார்ப்பவள் டெஸ்ஸி.

ஆனால் இது டப்பா அல்ல. நாள்காட்டிப் பகுதி எவரோ எழுதி உலகத்துக்குத் திறந்து வைத்தது. எடுத்துக்கொள், விற்றுக்கொள், என் பேரை மட்டும் விட்டுவை. இதைச் சேர்த்துச் செய்ததை வாங்குகிறவருக்கு மூலநிரல் முழுவதையும் கொடு, அவர் யாருக்குக் கொடுத்தாலும் தடுக்காதே. அழிந்த வரிகளில் இருந்த உரிமம் அதுதான். ஒப்பந்தத்தில் ஜோமி எழுதியிருந்ததோ, மூலநிரல் தரப்படாது, நகல் எடுக்கக் கூடாது. அதை அடித்துவிடச் சொன்னாள் டெஸ்ஸி.

"சேச்சி அதை அக்கரையில படகு விடுற பௌலோஸ் சேட்டனுக்குக் கொடுத்துட்டா என்ன பண்றது? அடுத்து அவருக்குத்தானே விக்கப்போறோம்!" என்றான் ஜோமி.

"அப்ப நாள்காட்டிய நாமளே எழுது."

"ஓணத்துக் கூட்டம் வர்றதுக்குள்ளயா? முடியாது!"

டெஸ்ஸி மடிக்கணினியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். கோபத்தைவிட அந்தக் கட்டிய கைகளுக்குத்தான் ஜோமி பயப்படுவான். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, அழித்த வரிகளைத் தேடியெடுத்து மறுபடி ஒட்டினான்.

வறுத்த கரிமீனோடு ஏலிக்குட்டிச் சேச்சி படியேறி வந்தாள். "என்னடா, புதுமாப்பிள்ள மூஞ்சி தொங்குது?"

ஜோமியே எல்லாவற்றையும் சொன்னான். சேச்சி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப, நான் இத பௌலோஸுக்குக் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம் சேச்சி."

"விக்கலாமா?"

"விக்கவும் செய்யலாம்," என்றான், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன்போல.

சேச்சி சிரித்த சிரிப்பில் மேல்தட்டே அதிர்ந்தது. ஒப்பந்தத்தில் 'தரப்படாது', 'கூடாது' என்றிருந்த இரண்டு வரியையும் தானே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கைப்பிடியோரம் போய், படித்துறை யாருக்கு என்ற பழைய தகராறுக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத அக்கரையைப் பார்த்துக் கத்தினாள்:

"பௌலோஸே! முன்பதிவ இன்னும் நோட்டுலதான் கிறுக்குறியா? என்கிட்ட ஒரு சாமான் இருக்கு, சும்மா தரேன்!"

"நீ சும்மா தந்தா அதுல ஓட்ட இருக்கும்!"

"ஓட்டைய அடைக்க ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க! அவங்க சும்மா வரமாட்டாங்க, கூலி கொடுக்கணும்!"

டெஸ்ஸி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஜோமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்ன வள்ளம் அக்கரையை விட்டு நகர்ந்தது. நடுவில் கறுப்புக் குடையை விரித்தபடி பௌலோஸ் சேட்டன் விறைப்பாக நின்றிருந்தார். துடுப்பு விழ விழ, குடை இக்கரையை நோக்கி ஆடி ஆடி வந்தது.