அம்பலவாணற்ற ரோட்டு

தவநாயகி பட்டு வேட்டியை உதறியபோது மடிப்புக்குள்ளிருந்து மணல் கொட்டியது. அதிகமில்லை, ஒரு சிட்டிகை இருக்கும். அவள் அதைத் தட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை வேட்டிக் கரையில் வைத்து அழுத்தினாள். பின்னேரத்துக்குள் உடுப்பைக் கொடுத்தனுப்பச் சொல்லி சவப்பெட்டிக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள்.

அவளுடைய புருஷன் அம்பலவாணன் இறந்து மூன்று நாளாகிறது. ஊராயிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். லண்டனில் எரிவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரைக்கும் அவர் எங்கேயோ ஒரு குளிர் அறையில் கிடக்க, மோர்டன் வீட்டு முன்னறையில் அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. டி.வி.யை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. அவளுடைய அண்ணன் குலசேகரம் பக்கத்து ஊரான சட்டனில் இருந்து வேளைக்கு வேளை சோறும் கறியும் கொண்டுவந்தார்.

குலசேகரம்தான் எல்லாம். ஐயரைப் பிடித்ததும் அவர், கார்களுக்குச் சொன்னதும் அவர். இப்போது கவுன்சிலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தை பிறந்த கையோடு வீட்டு வாசலில் தெருவைத் தோண்டிப் போட்டவர்கள் பங்குனி பிறந்தும் மூடி முடித்தபாடில்லை.

"செத்தவீடு எண்டு சொல்லுறன், அவன் ஷெடியூல் எண்டுறான்," என்று போனை வைத்தார். "பெட்டி உள்ளுக்கு வரவேணும், திரும்பி வெளியால போகவேணும். மச்சானுக்கெண்டு பாருங்கோ, கடைசியிலயும் ரோட்டு முடியேல்லை."

முன்னறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தவநாயகிக்குக் கேட்டது. கோபம் வரவில்லை. பழகிப்போயிருந்தது.

அம்பலவாணற்ற ரோட்டு என்றால் மோர்டனில் தெரியாத ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ரோட்டு ஓவர்சியராக இருந்த மனிதர், எழுபத்தெட்டில் ஓமானுக்குப் போனார். அங்கே பாலைவனத்துக் கடற்கரை ஓரமாக ஒரு பெருந்தெரு போடுகிறார்கள், இரண்டு வருஷத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் போனார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தவநாயகி மகள் ராஜியைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டனுக்கு ஓடிவந்தாள். அவர் ரோட்டோடேயே நின்றுவிட்டார். வருஷத்தில் ஒரு மாதம் லீவில் வருவார். சூட்கேசைத் திறந்தால் கம்பளம் முழுக்க மணல். அவள் ஹூவரால் அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே, "ரோட்டு முடிஞ்சுதோ?" என்று கேட்பாள். "இன்னும் கொஞ்சம் கிடக்கு," என்பார்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை காற்று மணலைக் கொண்டுவந்து போட்ட ரோட்டை மூடிவிட்டது. ஒருமுறை ஆண்டாண்டாகப் பெய்யாத மழை ஒரே நாளில் பெய்து பாலத்தை அடித்துக்கொண்டு போனது. உப்புத் தரை கொட்டின கல்லையெல்லாம் விழுங்குகிறது என்றார் இன்னொரு முறை. தரை எங்கேயாவது கல்லை விழுங்குமா? ஆட்கள் காதில் பூ வைத்துக்கொண்டா இருக்கிறார்கள்? யாருடைய குசினி வேலையாவது இழுபட்டால், யாருக்காவது விசா வராமல் கிடந்தால், "உது அம்பலவாணற்ற ரோட்டு" என்று சனம் சிரித்தது.

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் குலசேகரம் இந்தக் குசினியில், அடுப்படியில் நின்றுதான் சொன்னார்.

"பிள்ளை, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதை. ஒரு ரோட்டுப் போட இவ்வளவு காலம் செல்லுமோ? அங்க வேற குடும்பம் கிடும்பம் இருக்கோ எண்டு விசாரிச்சுப் பார்."

தங்கச்சி மேலுள்ள அக்கறையில் சொன்னார். சொல்லிவிட்டு மறந்தும் போனார். மறக்க முடியாமல் போனது தவநாயகிக்குத்தான். அந்த வருஷம் புருஷன் வந்தபோது, "நானும் ஒருக்கா அங்க வந்து பாக்கப்போறன்," என்றாள்.

"அங்க நீர் வந்து இருக்க ஏலாது."

"அப்ப இடத்தைப் படமெடுத்தாவது அனுப்புங்கோவன்."

"எதைப் படமெடுக்கிறது?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வி முள்ளாக உள்ளே தைத்து நின்றது. மறைக்க ஒன்றும் இல்லாத மனிதர் இப்படிக் கேட்பாரா? இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு வெள்ளை வீடு தெரியும். வாசலில் ஒரு பெண், இடுப்பில் ஒரு பிள்ளை. சுவாசப்பை பழுதாகி அவர் தொண்ணூற்றொன்றில் ஒரேயடியாக வந்து சேர்ந்த பிறகும் அந்த வீடு போகவில்லை. ரோட்டு அப்போதும் முடிந்திருக்கவில்லை. அவர் மாடி ஜன்னலோரம் கதிரையைப் போட்டு மூன்று வருஷம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் மருந்து கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள், கேட்க மட்டும் இல்லை. கேட்டு அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கடைசி மாதங்களில் அவருக்கு இரண்டே கவலை. கீழே கவுன்சில்காரர் ரோலர் ஓட்டும் அழகைப் பார்த்து ஜன்னலில் தட்டித் திட்டுவது ஒன்று. "சேஷாத்ரி கசெட் அனுப்பினவனோ?" என்று கேட்பது மற்றது. என்ன கசெட் என்று கேட்டால், "வந்தாப்போலப் பாப்பம்," என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அந்தச் சேஷாத்ரி, அவள் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து மணியை அடித்தார். மெட்ராஸ்காரர். வெயிலில் கருகின ஒல்லியான முகம். ஒரு கையில் பேரீச்சம்பழப் பெட்டி, மறு கையில் வீடியோ கசெட். வாசலில் குவிந்திருந்த செருப்புகளையும் சப்பாத்துகளையும் பார்த்து, "வீட்ல விசேஷமாம்மா?" என்று ராஜியிடம் கேட்டார்.

ராஜி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். விளக்கும் படமும் தெரிந்தன.

மனிதர் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். குலசேகரம் கைபிடித்து உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"சார்கிட்ட சர்வேயரா இருந்தவன் நான்," என்றார் சேஷாத்ரி. "ரோடு முடிஞ்சதும் முழுசா ஓட்டிப் படம் புடிச்சு அனுப்புன்னார். தபால்ல போட்டா உடைஞ்சுடும்னு, இங்க லண்டன் எட்மண்டன்ல தங்கச்சி வீட்டுக்கு வர்றப்ப கையிலயே கொண்டு வந்தேன். தபால்லயே போட்டிருக்கணும்."

அவர் கசெட்டை நீட்டினார்.

"முப்பத்தொண்டுக் கிரியை முடியட்டும், ஆறுதலாப் பாப்பம்," என்று குலசேகரம் கசெட்டை வாங்கப் போனார்.

தவநாயகி குசினி வாசலில் நின்றிருந்தாள். வியாழக்கிழமை அவள் வாய்க்கரிசி போடவேண்டும். அந்த வெள்ளை வீட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு எந்தக் கையால் போடுவது? தனியாகப் பார்க்கவோ அவளுக்குத் துணிவில்லை. வருவது எல்லாரும் இருக்கத்தக்கதாகவே வரட்டும் என்று நினைத்தாள்.

"அண்ணை, டி.வி. துணியை எடுங்கோ."

"செத்தவீட்டில டி.வி.யோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் இவ்வளவு நாளும் சொல்லாததே? எடுங்கோ."

ராஜி கசெட்டைப் போட்டாள். முதலில் காரின் முன்கண்ணாடி தெரிந்தது. பிறகு ரோட்டு. கறுப்பாக, நேராக, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இடது பக்கம் கடல், வலது பக்கம் மணல். கார் போய்க்கொண்டே இருந்தது. தவநாயகி வீடுகளைத் தேடினாள். வலது பக்கம் பார்த்தாள், தூரத்தில் பார்த்தாள். இனி வரும், இந்த மேட்டுக்கு அங்கால் வரும் என்று காத்திருந்தாள். மேடு வந்தது. மேட்டுக்கு அங்காலும் ரோட்டுத்தான் கிடந்தது.

"கொஞ்சம் ஓடவிடு ராஜி," என்றார் குலசேகரம்.

ராஜி ரிமோட்டை அழுத்தினாள். கார் பேய் வேகத்தில் பறந்தது. கடல் அப்படியே இருந்தது. மணல் அப்படியே இருந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை, ஒரு ஆடு இல்லை.

"கசெட் பழுதோ?"

"பழுதில்ல சார். இடமே அப்படித்தான்." சேஷாத்ரி கையை உயர்த்தினார். "இங்க நிறுத்தும்மா. இது உப்புத் தரை. மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், கீழ சேறு. சாயங்காலம் கல்லைக் கொட்டிட்டுப் போவோம், காலைல வந்தா இருக்காது. திரும்பக் கொட்டுவோம். வருஷக் கணக்கா அதே வேலை. கம்பெனிக்காரன் வெறுத்துப்போய் வேலையை விட்டுட்டே போயிட்டான். அடுத்த கம்பெனி வந்தது, சார் மட்டும் மாறல. ஒரு மலையையே கொட்டினோம்னு வெச்சுக்குங்க."

"எங்க அந்த மலை?" என்று குலசேகரம் திரையை எட்டிப் பார்த்தார்.

"அடியில இருக்கு சார். அது மேலதான் கார் போகுது."

முன்னறையில் கதிரையில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து இருந்தார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் அந்தக் கறுப்புக் கோடு வானம் தொடுமட்டும் போனது. தவநாயகிக்குப் பயம் மாதிரி ஒன்று வந்தது. தேர் முதலில் அசையும்போது வருகிற பயம் அது. இதையா இந்த மனிதர் 'இன்னும் கொஞ்சம் கிடக்கு' என்று சொல்லிக்கொண்டு இருந்தார்?

கார் நின்றது. சேஷாத்ரி கமெராவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். மணலில் நாலு சீமெந்துக் கட்டைகள் தெரிந்தன.

"சார் இருந்த கொட்டகை இங்கதான் இருந்தது," என்றார்.

கமெரா மெல்லச் சுற்றியது. கடல், மணல், ரோட்டு, மணல், திரும்பவும் கடல். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பக்கத்து ஊர் எங்கை?" தவநாயகி கேட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஊரா?" சேஷாத்ரி யோசித்தார். "காலைல கெளம்பினா மத்தியானத்துக்கு மேல மீன்காரங்க கூடாரம் ரெண்டு வரும்மா. அதுவும் சீசன்லதான். உங்களைக் கூட்டிட்டு வரணும்னு சாருக்கு ரொம்ப ஆசை. எங்கே இருக்க வைக்கிறதும்பார். ஒரு தடவை கமெரா கூட வாங்கினார். சுத்திச் சுத்திப் பாத்துட்டு, எதை எடுத்து அனுப்புறது சேஷாத்ரின்னு பெட்டியிலயே போட்டுட்டார்."

தவநாயகி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். ராஜி அவளைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் பெண் நின்ற அந்த வெள்ளை வீட்டை, இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டை, இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே அதற்கு இடமே இல்லை.

கார் திரும்பவும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் சேஷாத்ரி, "பாத்தீங்களா?" என்றார்.

"என்னத்தை?"

"ரோட்டை ரெண்டு பக்கமிருந்தும் போட்டுட்டு வந்தாங்க. ரெண்டும் சேந்தது இங்கதான். இதைத்தான் சார் பாக்கணும்னார்."

ராஜி கசெட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தெரியவில்லை. திரும்பவும் ஓட்டினாள். அப்போதும் ஒருவருக்கும் அந்த இடம் பிடிபடவில்லை.

"சார் சொல்லிக் குடுத்தபடிதான் போட்டோம்," என்றார் சேஷாத்ரி. "பொருத்து கண்ணுக்குத் தெரியக்கூடாது, கார் போனா காதுக்கும் கேக்கக்கூடாதும்பார். 'டக்'னு ஒரு சத்தம் வந்தா தோண்டிட்டு முதல்லேருந்து போடச் சொல்லுவார்."

கசெட் முடிந்து திரை வெளுத்தது. குலசேகரம் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, நான் உனக்கு ஒருக்கா..."

"பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கு அண்ணை," என்றாள் தவநாயகி. "இவருக்கும் ஊத்திக் குடுத்து நீங்களும் குடியுங்கோ."

வியாழக்கிழமை காலை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி, அம்பலவாணன் லீவில் வந்தவர் மாதிரிக் கிடந்தார். ஐயர் தேவாரம் முடித்துச் சொன்னதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தவநாயகி அரிசியை அள்ளி அவருடைய உதட்டில் வைத்தாள். ஒரு தடவை போதும் என்று ஐயர் சொல்லியும் இன்னொரு தடவை வைத்தாள்.

பெட்டி வெளியே வந்தபோதுதான் வில்லங்கம் வந்தது. இத்தனை நாளும் இழுத்தடித்த கவுன்சில்காரர், அன்றைக்குப் பார்த்துத் தெரு முனையில் தார் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குளிரில் ஆவி பறந்தது. பிரேதக் கார் நின்றது, பின்னால் இவர்களுடைய காரும் நின்றது. குலசேகரம் இறங்கி ஓடினார்.

"கிரிமற்றோரியத்தில அரை மணித்தியாலம்தான் தந்திருக்கிறாங்கள்! விடச் சொல்லுங்கோ, ஓரத்தாலயாவது போவம்!"

தவநாயகி கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணை, வந்து ஏறுங்கோ. அவை உருட்டி முடிக்கட்டும்."

"நேரம் போகுது பிள்ளை!"

"போகட்டும். சூடு ஆறாத தாரில ஏத்தினா ரோட்டுப் பழுதாப்போம்."

குலசேகரம் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். ரோலர் போய் வந்தது, திரும்பவும் போய் வந்தது. அவள் இருக்கையின் நுனிக்கு வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சிவந்த முகத்து மேஸ்திரி கையைக் காட்டினான். ரோலர் ஓரம் கட்டி நின்றது. வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

பிரேதக் கார் மெல்ல நகர்ந்து புதுத் தாரில் ஏறியது. தவநாயகி காதைக் கொடுத்துக் கேட்டாள்.

டக் என்றது. கொஞ்சம் பொறுத்து அவர்களுடைய காரும் ஏறியது. அதுவும் டக் என்றது.

"அம்மா," என்றாள் ராஜி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "அப்பா கேட்டிருந்தா..."

தவநாயகி பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்தாள். ஆட்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். மேஸ்திரி மட்டும் தெருவில் குந்தி, கையுறையைக் கழற்றி, பழைய தாரும் புதுத் தாரும் சேர்கிற இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.