மூன்றாம் மாடிக்குக் கேட்ட குரல்

விடியற்காலை வந்தாலே சிவசங்கரி மைக்கைக் கைக்கருகில் இழுத்து வைத்துக்கொள்வாள். திருப்பதி ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில், ஏசி குளிரில் விரல் விறைக்கத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிலுக்கு ஒரு கேமரா. எழப் பார்க்கும் நோயாளியை மைக்கில் தடுக்க வேண்டும். வார்டு ஆயாவை ஓடிவரச் சொல்ல வேண்டும். நகரியிலிருந்து வந்தவளுக்கு நாளெல்லாம் பேச்சு உண்டு, பேச்சுத்துணைதான் இல்லை.

கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால் இந்த ஊர் நோயாளிகளுக்குப் படுக்கை கொள்ளாது. மலைப்பக்கம் திரும்பி நின்று கும்பிட்டாக வேண்டும். அன்றும் பாட்டு கேட்டது. மூன்றாம் மாடியில் கங்கம்மாள் கிழவி காலைக் கீழே வைத்தாள்.

"எழுந்திருக்காதம்மா! கன்னியம்மாக்கா, மூணாவது மாடி, ஓடியா!"

எங்கிருந்து ஓடிவருவாள்? மாடிக்கு ஒரு ஆயா இருந்ததைப் போன மாதம்தான் இரண்டு மாடிக்கு ஒருத்தி என்று குறைத்தார்கள். கேமரா இருக்க ஆள் எதற்கு என்றார்களாம், மகாபுத்திசாலிகள்! கன்னியம்மாள் நான்காம் மாடியில் ஒருவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவரைக் கிடத்திவிட்டுப் படியிறங்குவதற்குள் கிழவி கும்பிட்ட கையோடு விழுந்தாள். சிவசங்கரி பதறிக் கையை நீட்டினாள். திரைதான் விரலில் பட்டது.

கிழவியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மேலாளர் கோவர்த்தனன் அறைக்கே வந்துவிட்டார்.

"கன்னியம்மா தூங்கிட்டான்னு சொல்லிடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"அவங்க ஒருத்தரைத் தாங்கிக்கினு இருந்தாங்க சார். நான் பாத்துக்கினுதானே இருந்தேன்?"

"அப்ப தப்பு உன்னுதுதான்."

"கேமரா பாக்கும் சார். புடிக்குமா?"

"வாயைப் பாரு! ஷிப்ட் முடியறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு. ரெண்டு பேர்ல ஒருத்தி வீட்டுக்குப் போவணும்."

அவர் போனதும் சிவசங்கரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் நைனாவும் தம்பியும் இவள் கையைத்தான் நம்பியிருக்கிறார்கள். கன்னியம்மாளின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. கூரைக் கேமராவில் நரைத்த உச்சிதான் தெரியும். ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தவள் அவள் ஒருத்திதானே! எல்லா மாடிக்கும் கேட்கும்படி மைக்கைத் திறந்தாள்.

"அக்கா, ஒங்கமேல பழி போடச் சொல்றாங்க. நான் மாட்டேன். ஷிப்ட் முடிஞ்சதும் மேல வரேன்."

அடுத்த ஷிப்டுக்கு ரூபா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ போக்கா. பெட்டுங்கள நான் பாத்துக்கறேன்."

மேலாளர் அறை வாசலில், வேலை முடிந்த ஆயாக்களும் துப்புரவுப் பெண்களும் திரண்டிருந்தார்கள். ஒருத்தி வந்து கையைப் பிடித்தாள்.

"நீதானா அந்தக் கொரலு? இத்துனூண்டு பொண்ணா இருக்கியே!"

சிவசங்கரி நிமிர்ந்து பார்த்தாள். கன்னியம்மாள் இவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது.

"மாடிக்கு ஒரு ஆளு வேணும்! யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது!" என்று கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒலிபெருக்கியில் ரூபாவின் குரல் வந்தது. "நாலாவது மாடி, பெரியவர் எழுந்திருக்கறாரு!"

நாலு பேர் எழுந்து ஓடினார்கள். மற்றவர்கள் வாசலை விட்டு நகரவில்லை.