சிரில் கொடுத்த நெஞ்சு

சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனுக்குள் தங்கவேலு மொபெட்டைத் திருப்பினான். பன்றி ஒன்று குறுக்கே பாய்ந்தது. வண்டி சாய்ந்து ஹேண்டில் நடுநெஞ்சில் குத்தியது. ரத்தம் வரவில்லை. அப்புறமென்ன அடி? பன்றியின் பரம்பரையையே திட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் நெஞ்சு நாலு தரம் ஒழுங்காகத் துடித்தது, ஐந்தாவதை முழுங்கியது. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரிக்கு நடங்க," என்றாள் பெண்டாட்டி கிருஷ்ணம்மா.

அங்கேதான் வம்பு. நெஞ்சு என்று வாயைத் திறந்தால் கம்பெனிக்காரன் எக்ஸ்ரே படம் எடுப்பான். இருபத்தாறு வருஷம் சுரங்கத்தில் பாறைத்தூசி தின்ற நெஞ்சு. படத்தில் தூசி தெரிந்தால் 'அன்ஃபிட்'. கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆளை மேலேயே நிறுத்தித் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவான்.

லைனில் இதற்கு ஒரு வழி உண்டு. லாரி ஓட்டும் சிரில் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவன், சுத்தமான நெஞ்சுக்காரன். மூன்று பேருக்குப் பதிலாகப் படத்துக்கு நின்றிருக்கிறான். ஆஸ்பத்திரியில் தங்கவேலு பெயரில் அவன் உள்ளே போனான். தங்கவேலு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

நர்ஸ் ஐடா சிரிலின் சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"எங்கய்யா குத்துச்சு?"

"இங்கதான் சிஸ்டர்."

"இன்னா ஹேண்டிலு அது, பஞ்சுல செஞ்சதா? கன்னின அடையாளமே காணோம்."

சிரில் திருதிருவென்று விழித்தான்.

"அடிவாங்குன நெஞ்சு எங்க?"

"பெஞ்ச்ல, சிஸ்டர்."

ஐடா வெளியே போனாள். தங்கவேலு முகம் வெளுத்து, வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"உள்ள வாய்யா."

"படம் எடுப்பீங்க."

"இந்த மிஷினு துடிப்பை மட்டும் கோடு போடும். தூசியெல்லாம் அதுக்குத் தெரியாது."

"அப்டித்தான் சொல்வீங்க. மொதல்ல சிரிலுக்குப் போடுங்க, பாக்கறேன்."

போட்டாள். சிரிலின் கோடு ரயில் கட்டை மாதிரி சமதூரத்தில் வந்தது. அடுத்து தங்கவேலு படுத்தான். நெஞ்சில் தட்டு அகலத்துக்கு நீலம். அவன் கோடு நாலுக்கு ஒரு தரம் தடுக்கி விழுந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"அடியில இதயமே கன்னிப்போச்சு," என்றார் கோட்டைப் பார்க்க வந்த டாக்டர். "ரத்தம் வெளிய வந்தாத்தான் அடியா? ரெண்டு நாள் இங்க படு. ஆறு வாரம் கேஜ் பக்கம் போகாத."

"அப்பறம் கீழ எறங்கலாமா?"

"துடிப்பு சரியானா தாராளமா."

"எழுதிக் குடுங்க."

டாக்டர் எழுதினார். தங்கவேலு அதை சிரிலிடம் நீட்டினான். "படி."

"இதயத்துல அடின்னு இருக்கு, அண்ணே."

"தூசி?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா அண்ணே."

தங்கவேலு காகிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் செருகினான்.

"ரெண்டு நாளைக்கு சோறு இங்கயே கொண்டாரணும்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிடு."